சுழல்வட்டும் திரிபுர தகனமும்: திருவதிகைச் சான்றுகளை முன்வைத்து

சுழல்வட்டு எனும் ஹார்டு டிஸ்க் பிறந்த ஆண்டு 1956 என்பது கணினி வரலாற்றாசிரியர்களின் முடிபு. அந்த ஆண்டு ஐபிஎம் காட்டிய இயந்திரத்தில் 24 அங்குலத் தட்டுகள் 50. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்வதோ 50 லட்சம் எழுத்துகள், அதாவது இன்றைய செல்போனில் ஒரு போட்டோ. அதே 1956-இல்தான் திருவதிகைக்குப் பக்கத்து நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி நிறுவனமும் பதிவானது. இதில் ஏதோ இருக்கிறது. பக்கம் போதாமையால் விடுகிறேன். என் கருதுகோள் இன்னும் பழையது. சுழல்வட்டைப் பற்றிய முதல் விவரணை கெடிலக்கரையில், ஈசன் வீரம் காட்டிய அட்ட வீரட்டங்களில் ஒன்றான திருவதிகையின் தலபுராணத்தில் உள்ளது.

அசுரர் மூவருக்குரிய முப்புரம், அதாவது பொன், வெள்ளி, இரும்புக் கோட்டைகள் மூன்றும், வானில் பறந்து திரிந்தன. ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை அவை ஒரே நேர்க்கோட்டில் வரும். அந்தக் கணத்தில் ஒரே அம்பால் அடித்தால்தான் உண்டு. ஹார்டு டிஸ்க்கும் அச்சு அசல் இதுவே. வேண்டிய தகவல் வாசிக்கும் முனைக்கு அடியில் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. ஆயிரம் ஆண்டு எங்கே, இது எங்கே என்று கேட்பவர்கள் பத்து வயதுக் கணினியில் விண்டோஸ் திறந்து பார்த்ததில்லை. சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு. பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவது சோம்பல் அல்ல, தவம்.

இனி முக்கியமான பாடபேதம். முப்புரத்தை அழிக்க ஈசன் கிளம்பியபோது பூமி தேர், சூரிய சந்திரர் சக்கரம், பிரமன் சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு: அசையும் உறுப்புகளின் முழுப் பட்டியல் இது. தங்களால்தான் காரியம் நடக்கிறது என்று தேவர்கள் மார்தட்டியதும் ஈசன் அம்பை விடவில்லை, சிரித்தார், முப்புரமும் எரிந்தது. அசையும் பாகம் ஒன்றுகூட இன்றி வேலை முடிந்தது. ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றாகப் பிற்காலத்தார் எஸ்எஸ்டி என்பது இதைத்தான். அதன் உயிரான ஃபிளாஷ் நினைவகத்தை 1980-களில் தோஷிபாவில் உருவாக்கியவர் ஃபூஜியோ மசுவோகா. திருவதிகைக்கு ஒருநடை வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடித்திருப்பார்.

கள ஆய்வு: மேற்படி டிடிபி கடையில் மெக்கானிக் கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார், உள்ளே ஒரு படி தூசி. பெரிய டிஸ்க்குக்கான இடத்தில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி உட்காரவில்லை. டபுள் சைடு டேப்பால் ஒட்டினார். ஆடாத பொருளுக்கு அது போதும், சித்தாந்தப்படியும் சரி. ஒட்டுமுன் கையில் வாங்கிப் பார்த்த கடைக்காரர், "என்ன தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு?" என்றார். "ஆமாண்ணே, அதுக்குத்தான் காசு." ஸ்விட்சைப் போட்டு டீ சொல்வதற்குள் திரை வந்துவிட்டது. டீக்கடைக்கு நேர்ந்த நஷ்டம் தனி ஆய்வுக்குரியது.

மறுதரப்பும் உண்டு. எழுத எழுத எஸ்எஸ்டியின் அறைகள் தேயும். ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் டிக் டிக்கென்று முனகிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டியோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக்கூடும். நகல் எடுத்து வைக்காதவருக்குத் தேவாரம் பாடினாலும் மீளாது.

பழைய டிஸ்க்? முப்புரம் எரிந்த பிறகும் அசுரர் மூவருக்கும் வேலை போகவில்லை: இருவர் ஈசனின் வாயிற்காவலர், ஒருவர் முழவு வாசிப்பவர். கடைக்காரரின் பழைய டிஸ்க்கும் டி டிரைவாக அமர்ந்து பத்தாண்டுக் கல்யாணப் பத்திரிகைகளைக் காவல் காக்கிறது. உர்ரென்ற சத்தம் மட்டும் குறையவில்லை. முழவுப் பதவியும் அதற்கே என்று கொள்க.