பியர் ஏனோக்கும் மற்ற ஏனோக்குகளும்

ரொறொன்ரோவில் கிங் தெரு ஸ்ட்ரீட்காரை விட்டு இறங்கி ட்ரினிட்டி தெருவுக்குள் திரும்பினால், சிவப்பும் மஞ்சளுமாகச் செங்கல் வைத்த ஒரு குட்டிக் கட்டடம். ஏனோக் டர்னர் ஸ்கூல்ஹவுஸ். 1848இல் கட்டியது. இந்த நகரத்தின் முதல் இலவசப் பள்ளிக்கூடம். கட்டியவர் பாதிரியாரா, பெரிய கல்விமானா என்கிறீர்களா? பியர் காய்ச்சி விற்றவர்!

அவரிடம் பிறகு வருவோம். முதலில் அந்தப் பெயரின் பூர்வீகம்.

எபிரேயத்தில் ஹனோக், தமிழ் பைபிளில் ஏனோக்கு. திறந்து வைப்பது, பழக்குவது என்கிற வேரிலிருந்து வந்தது. யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கும் இதே வேர். இன்றைய எபிரேயத்தில் கல்விக்குச் சொல்லும் 'ஹினுக்'கும் இதே வேர். அதாவது பெயரே ஒரு திறப்பு விழா. ரிப்பன் வெட்ட ஆள் வந்தால் போதும்.

முதல் ஏனோக்கு, காயீனின் மகன். தம்பியைக் கொன்றுவிட்டு, ஓரிடத்தில் தங்காமல் அலையக் கடவாய் என்று சாபமும் வாங்கிய காயீன் அடுத்துச் செய்த காரியம் என்ன தெரியுமா? ஓர் ஊரைக் கட்டி, அதற்கு மகன் பெயரை வைத்ததுதான். உலக ஜனத்தொகையே ஒரு வேனுக்குள் அடங்கும். அதற்குள் ஏனோக்கு நகர்! மனை விற்பனை நோட்டீஸ் மட்டும்தான் பாக்கி.

ஆனால் சூப்பர்ஸ்டார் இன்னொரு ஏனோக்கு. ஆதாமிலிருந்து ஏழாம் தலைமுறை. ஆதியாகமம் அவருக்கு முக்கியமாக ஒதுக்கியது நாலே வசனம். 65 வயதில் மெத்தூசலா பிறக்கிறான். அந்த வயதில் கனடாவில் பென்ஷன் வரும், அவருக்குத் தொட்டில் வந்தது. மகன் பிறந்த பிறகு 300 வருஷம் கடவுளோடு நடந்தாராம். அதற்கு முன்னால் நடந்ததாகப் பேச்சே இல்லை, கவனித்தீர்களா? ராத்திரி முழுக்கக் குழந்தை வீறிடும் வீட்டில் எந்த அப்பாவுக்குத்தான் திடீரென்று வாக்கிங் ஆசை வராது?

குளிர்காலத்தில் ஸ்காபரோ டவுன் சென்டருக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரவுண்ட் அடிக்கும் நம்ம தாத்தாமார்கூடச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார்கள். இவர் 365ஆவது வயதில் போனவர், போனவர்தான். கடவுள் எடுத்துக்கொண்டார் என்று முடித்துவிட்டார்கள். அப்பா யாரேத் 962 வயது, மகன் மெத்தூசலா 969. அந்தக் குடும்பத்தில் 365 எல்லாம் பால்குடி வயசு. கணக்குப் போட்டுப் பாருங்கள், மகன் போன பிறகும் யாரேத் 435 வருஷம் இருந்திருக்கிறார். விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் "வாக்கிங் போயிருக்கிறான்" என்று சொல்லியே வாய் வலித்திருக்கும்.

நாலு வசனம் போதாதென்று, பின்னால் வந்தவர்கள் ஒரு முழுப் புத்தகத்தை எழுதி ஏனோக்கு தலையில் கட்டினார்கள். மற்றவர்கள் கைவிட்ட அந்த நூலை எத்தியோப்பியத் திருச்சபை வேதத்திலேயே சேர்த்துக் காப்பாற்றியது. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1773இல் அதன் பிரதிகளோடு ஐரோப்பா திரும்பினார்.

கதை பிரமாதம். 200 தேவதூதர்கள் எர்மோன் மலையில் இறங்கிப் பெண்களைக் கட்டிக்கொள்கிறார்கள். கண்ணுக்கு மை தீட்டவும் வாள் அடிக்கவும் மனிதருக்குச் சொல்லிக்கொடுத்து, மேலிடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மன்னிப்பு மனு எழுத ஆள் வேண்டுமே? பிடி ஏனோக்கை! ஊரில் என்றால் கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர், இங்கே என்றால் இமிக்ரேஷன் ஃபார்ம் நிரப்பித்தரும் அண்ணை. பவ்வியமாக எழுதி மேலே கொண்டுபோனார். ரிஜெக்டட்.

அதே நூலில் இன்னொரு தூதன் மேல் உள்ள குற்றச்சாட்டு, மையும் தாளும் வைத்து எழுத மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தான் என்பது. இந்த விஷயத்தில் நான் வாயைத் திறப்பதாக இல்லை.

போன நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு ஏனோக் பவல். வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்களால் நாடு ரத்தக்களரியாகும் என்கிற தோரணையில் 1968இல் பர்மிங்ஹாமில் பேசி, கட்சியில் இருந்த பதவியைத் தொலைத்த அரசியல்வாதி. இவருடைய இளவயது லட்சியம் என்ன? இந்தியாவின் வைஸ்ராய் ஆவது! அதற்காக உருது எல்லாம் படித்தார். 1947இல் அந்த வேலையே இல்லாமல் போயிற்று. அழைப்பில்லாமல் ஆளப் போக ஆசைப்பட்டவருக்கு, பிழைக்க வந்தவர்களைப் பார்த்தால் எரிச்சல்.

சரி, நம்ம பியர்க்காரர். நகரங்கள் சொத்து வரி போட்டு இலவசப் பள்ளி நடத்தலாம் என்று 1847இல் ஒரு சட்டம் வந்தது. நடத்தலாம் என்றுதானே சொன்னார்கள், நடத்து என்று சொல்லவில்லையே! ஊரார் பிள்ளை படிக்க என் வீட்டுக்கு வரியா என்று ரொறொன்ரோ நகரசபை முறுக்கிக்கொண்டது. 1848இல் இருந்த பொதுப் பள்ளிகளும் மூடிக்கொண்டன.

டர்னரின் அக்கம்பக்கம் கார்க்டவுன், ஐரிஷ் ஏழைகள் நிறைந்த பேட்டை. பெரிய சர்ச்சில் பெஞ்சுக்கு வாடகை கட்டினால்தான் உட்கார முடியும் என்பதால், லிட்டில் ட்ரினிட்டி என்று தனியாக ஒரு சர்ச் எழுப்பிக்கொண்ட சனம். அதன் தர்மகர்த்தா யாரென்று நினைக்கிறீர்கள்? விஸ்கி அதிபர் வில்லியம் குடர்ஹம்! அந்தச் சர்ச்சுக்குப் பக்கத்திலேயே டர்னர் தன் காசில் பள்ளிக்கூடத்தைக் கட்டினார், நடத்தும் செலவையும் ஏற்றார். டாஸ்மாக் பணத்தில் அரசாங்கம் ஓடுகிறதே என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் கொஞ்சம் இப்படி வந்து பார்க்கலாம். அப்பன் ராத்திரி குடித்தது, விடிந்தால் மகனுக்கு ஏ பி சி.

மூன்று வருஷம் பொறுத்து நகரசபை வழிக்கு வந்து இலவசக் கல்வியை ஒப்புக்கொண்டது. ஊர் பெயர் வாங்கிய ஏனோக்கு, வானத்துக்குப் போன ஏனோக்கு எல்லோரையும் தாண்டி, கல்வி என்கிற வேருக்கு ஒழுங்காகக் கணக்குத் தீர்த்தவர் இவர்தான். எபிரேயம் தெரிந்து செய்திருக்க மாட்டார். பியர் தெரியும்.

இப்போது அங்கே கல்யாணம் நடக்கிறது. பழைய காலத்து வகுப்பில் சிலேட்டோடு உட்கார்ந்து பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒருநாள் மகள் பையிலிருந்து கசங்கிய ஃபார்ம் ஒன்றை எடுத்து நீட்டினாள். நகரத்தின் முதல் இலவசப் பள்ளியைப் பார்க்கக் கூட்டிப்போகிறார்களாம். கையெழுத்துப் போட்டு, காசும் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.