மான் மேயும் கல்லூரி

ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படிக்கக் கல்லூரி தேடுகிறவர்கள் வரன் பார்க்கிற மும்முரத்தில் இருப்பார்கள். ஆனால் எந்தக் கல்லூரியானாலும் விரிவுரை எல்லாருக்கும் பொது. தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்துடையவை. டியூட்டோரியல் என்கிற சிறு குழு வகுப்புதான் கல்லூரியின் பொறுப்பு. அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. மாட்லின் கல்லூரியில் மான் மேய்கிறதாம், அது போதும். (எழுதும்போது அது ‘மாக்டலென்’. எழுத்து ஒன்று, வழக்கு வேறொன்று என்ற சட்டப்பாடம் வாசலிலேயே முடிந்துவிடுகிறது.) ஆல் சோல்ஸ் கல்லூரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கஷ்டம், அங்கே இளங்கலை மாணவர்களே கிடையாது. சாப்பாடு, வாடகை, குளியலறை வரை துருவித் துருவி விசாரித்து விண்ணப்பித்தவருக்குச் சில சமயம் கேட்காத கல்லூரியிலிருந்து இடம் வரும். கல்லூரியே குறிப்பிடாமலும் விண்ணப்பிக்கலாம். அப்படிச் செய்தவர் இத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.