தளர்பொருள் ஆய்வு: செட்டிபாளையத்தில் இறக்கி வைக்கப்பட்டவை

கார் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கான ஊர்தி என்று ஒரு கருத்து நிலவுகிறது. எங்கள் ஊரான வடமதுரையின் சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கார் என்பது சக்கரம் வைத்த பரண். இம்முடிவை எட்டிய களம் கோவை செட்டிபாளையம்; கரி மோட்டார் ஸ்பீடுவே தடத்தின் ஓரத்தில் விரித்த ஒரு தார்ப்பாய்.

அன்று அங்கே 'டிராக் டே'. கார்ப் பைத்தியங்கள் சேர்ந்து தடத்தை வாடகைக்கு எடுத்து, தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் காரையே விரட்டிப் பார்க்கும் நாள். பந்தயமும் கிடையாது, கோப்பையும் கிடையாது. முன்னால் போகிறவர் கை காட்டினால்தான் முந்தலாம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்களைச் சீறவிட்டதும், 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததும் பலர் எழுதிய வரலாறு. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்த கரிவர்தன் பெயரில்தான் செட்டிபாளையத் தடம் இருக்கிறது என்பதும் தெரிந்ததே. அந்தக் கார்களுக்குள் என்ன கிடந்தது என்பதைத்தான் யாரும் எழுதவில்லை.

தடத்தில் இறங்கும் காருக்குள் உருளும் பொருள், அதாவது தளர்பொருள், ஒன்றும் இருக்கக் கூடாது. பிரேக்கை அழுத்தினால் கார் நிற்கும், பின்சீட்டுத் தண்ணீர் பாட்டில் நிற்காது. அது பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் அடுத்த வளைவில் பெடல் இறங்காது. "உள்ள இருக்கறதெல்லாம் எறக்கிருங்ணா" என்றார் சோதித்த தம்பி.

"எல்லாமா?" என்றான் என் அக்கா மகன். 'கோயமுத்தூர்ல ஒரு காதுகுத்து' என்று வீட்டில் சொல்லி, என்னையும் என் காரையும் கிளப்பி வந்தவன்.

இறக்கினோம். குடை இரண்டு, ஒன்றுக்குக் கம்பி இல்லை. ஒற்றைச் செருப்பு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வாங்கிய சின்ன வெங்காயத்தின் சருகு, வெங்காயம் இல்லாமல். போன தை மாதக் கல்யாணத்துக்குக் கொடுக்காமல் விட்ட பத்திரிகைகள் பதினொன்று. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தேங்காய் மூடி. பழனிப் பஞ்சாமிர்த டப்பா, திண்டுக்கல் பூட்டு: இரண்டுமே 2019இல் புவிசார் குறியீடு பெற்றவை. ஒரே டிக்கியில் இரண்டு குறியீடுகள் கிடைத்த களம் வேறொன்று என் அறிவுக்கு எட்டவில்லை. பூட்டுக்குச் சாவி இல்லை.

கடைசியில் டேஷ்போர்டுப் பிள்ளையார். அவர் தளர்பொருளா, நிலைப்பொருளா? தம்பி கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். இருபக்க டேப் அசையவில்லை. "அவரு இருக்கட்டும் மாமா. ஒரே இடத்தச் சுத்திச் சுத்தி வந்து பழம் வாங்குனவரு. இங்க நம்மள விட அவருக்குத்தான் சர்வீஸ் ஜாஸ்தி" என்றான் மாப்பிள்ளை. உலகத்தையே சுற்றக் கிளம்பிய தம்பிக்காரர் பழனி மலையில் கோவணத்தோடு நிற்பதை வைத்துப் பார்த்தால், இந்த வாதத்தை மறுக்க இடமில்லை.

2.1 கிலோமீட்டர் தடம். பரண் காலியானதும் வண்டி வேறு பிறவி எடுத்தது. கடைசிச் சுற்றை மட்டும் மெதுவாக ஓட்டச் சொன்னார்கள், பிரேக் ஆற. நிறுத்தியதும் கைப்பிரேக் போடக் கூடாதாம். கொதிக்கும் டிஸ்க்கை பேட் அப்படியே கவ்விக்கொண்டு நிற்குமாம். நம்மூர் லாரிக்காரர் கல் வைப்பதுபோல டயருக்குத் திண்டுக்கல் பூட்டை முட்டுக் கொடுத்தோம். என் ஆயுளில் அந்தப் பூட்டு வேலை செய்து பார்த்தது அன்றுதான்.

அப்போதுதான் என் காலடியில் அது கிடந்தது. சோதனையில் சிக்காமல் சீட் தண்டவாளத்துக்குள் இருந்த ஒரு சாவி, பிரேக் அடித்த அடியில் வெளியே வந்திருந்தது. பூட்டில் நுழைத்துப் பார்த்தேன், சேரவில்லை. அது பீரோ சாவி. நான்தான் தொலைத்தேன் என்று என் மனைவி மூன்று வருடமாகச் சொல்லிவரும் அதே சாவி.

எங்கே கிடைத்தது என்று கேட்பாள். காதுகுத்து வீட்டில் என்று சொல்ல முடியாது. ஆய்வு தற்போது இந்த இடத்தில் நிற்கிறது. சாவி மறுபடி சீட்டுக்கு அடியில்.