மூன்றாம் அத்தியாயத்து மேதை

வைத்தியம் படித்தவர் நாடியைப் பிடித்துப் பார்த்த பிறகே நோய் இன்னதென்று சொல்வார். ஜோதிடம் படித்தவர் ஜாதகத்தைக் கேட்டு வாங்கிக் கட்டங்களை எண்ணி முடித்த பிறகே பலன் கூறுவார். சட்டம் படித்தவரோ பீஸ் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வாயையே திறப்பார். இந்தச் சம்பிரதாயங்களில் எதற்கும் காத்திராமல், எதிரே வருகிறவர் கும்பிடக் கை தூக்கும்போதே அந்தக் கும்பிடுக்கு மூலகாரணத்தை அவருடைய பால்ய பருவத்தில் தேடத் தொடங்கிவிடுகிற பிரகிருதி ஒன்று உலகத்தில் உண்டு. மனோதத்துவ சாஸ்திரத்தின் பாலபாடத்தை அப்போதுதான் படித்துக்கொண்டிருக்கும் மனிதரே அவர். அந்தச் சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவரால் யாருக்கும் உபத்திரவம் இல்லை. எதைக் கேட்டாலும், “அப்படியும் இருக்கலாம், அப்படி இல்லாமலும் இருக்கலாம்” என்று இழுத்து, நம்மை வந்த வழியே அனுப்பிவிடுவார். அதன் பெயரையே கேள்விப்படாதவராலும் தொல்லை இல்லை. மூன்று அத்தியாயங்களைத் தாண்டிவிட்டு நான்காவதை இன்னும் பிரிக்காமல் இருக்கிறாரே, அவரிடந்தான் ஜனங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இத்தகையவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். சித்தூரில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு சர்க்கார் ஆபீஸில் உட்கார்ந்து, பிறர் அனுப்பிய பில்களில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் ஆட்சேபிப்பதற்குக் காகிதம் கிடைக்காமற் போகவே, இனி மனிதர்களை ஆட்சேபிப்பது என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்துத்தான், வயது வரம்பு கிடையாது என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழக விளம்பரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஹைதராபாத்தில் ஏற்பட்டது. தேசம் முழுமைக்குமாக டில்லியில் இன்னொன்று 1985இல் ஏற்பட்டது. படிப்பைப் பாதியில் விட்டவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் வரட்டும் என்று நல்லெண்ணத்தோடு கதவைத் திறந்து வைத்தவர்கள், அதன் வழியாக எங்கள் நண்பரும் நுழைந்துவிடுவார் என்பதை நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை. நுழைந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் திருப்பதியில் வகுப்பு. மற்ற ஆறு நாளும் எங்கள் தெருவில் வகுப்பு.

வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய ஜில்லாக்களின் தாலுகாக்களைக் கொண்டு 1911இல் உண்டாக்கப்பட்டது சித்தூர் ஜில்லா. ஆகையால் தமிழும் தெலுங்கும் புழங்கும் இங்கே ஒவ்வொரு வஸ்துவுக்கும் குறைந்தபட்சம் இரண்டு பெயர்கள் இருக்கும். மனத்துக்கும் அவ்விதமே நேர்ந்தது. வகுப்பில் ஆசிரியை தெலுங்கில் ‘மனஸ்தத்வ சாஸ்திரம்’ என்றார். நண்பர் எங்களிடம் ‘மனோதத்துவம்’ என்றார். வேலூரில் படிக்கும் பேரன் ‘உளவியல்’ என்று திருத்தினான். அவருடைய மனைவி மாத்திரம் ஆரம்பத்திலிருந்தே அதை ‘அந்தக் கிறுக்கு’ என்று ஒரே பெயரால் அழைத்து வந்தார்.

முதல் அத்தியாயம் சரித்திரம். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் 1879இல் வுண்ட் என்பவர் சோதனைச்சாலை அமைத்ததையும், கல்கத்தா சர்வகலாசாலையில் 1916இல் இந்தச் சாஸ்திரத்துக்குத் தனித் துறை ஏற்பட்டதையும் அவர் பால்காரருக்கு விளக்கிச் சொன்னதில், அன்று தெருவில் பாதி வீடுகளுக்குக் காப்பி தாமதமாயிற்று. 1924இல் மைசூரில் மனோதத்துவத் துறையைத் தொடங்கிய எம். வி. கோபாலஸ்வாமி என்னும் பேராசிரியர், 1935இல் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தை வைத்து அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயரிட்டார் என்ற செய்தியில்தான் நண்பருக்கு விசேஷமான அபிமானம். மனத்தை ஆராயப் புகுந்த ஒருவர், தாம் கண்டதை ஊரெல்லாம் கேட்கும்படி சொல்ல ஒரு கருவியைத் தேடிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. நண்பருக்குக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. திண்ணையே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது அத்தியாயத்தில் பாவ்லோவின் நாய் வந்தது. ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற அந்த ருஷ்ய விஞ்ஞானி, சோறு வரும் முன்பே நாயின் வாயில் நீர் ஊறுவதைக் கவனித்து, அதன் பின்னால் போய் ‘ஆக்கநிலையுறுத்தம்’ என்ற பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்தார். நண்பரும் தெருநாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். தனியாக மணி வாங்குவது வீண்செலவு என்று கருதிப் பூஜையறை மணியையே எடுத்துவந்து, அதை அடிப்பதும் பிஸ்கெட் போடுவதுமாகப் பத்து நாள் பிரயோகம் நடத்தினார். பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. அம்மாள் பொங்கலை நைவேத்தியத்துக்கு வைத்துவிட்டுத் தீபாராதனைக்கு மணியடித்தார். அடுத்த க்ஷணம் நாய் பூஜையறை வாசலில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, எந்தப் பக்தனுக்கும் குறையாத ஏக்கத்தோடு நின்றது.

“பார்த்தாயா! ஆக்கநிலையுறுத்தம் பூரண வெற்றி!” என்று கூவினார் நண்பர்.

“வெற்றி இருக்கட்டுங்க. நாய் வாய் வெச்சாச்சு. மறுபடியும் பொங்கல் யாரு வெக்கறது?” என்றார் அம்மாள்.

அன்று அடுப்பங்கரையில் புகைக்கு நடுவே நின்று பருப்பு கிளறியவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்குப் பிறகு பஞ்சுமிட்டாய்க்காரன் மணிக்கும், சைக்கிள் மணிக்கும் அந்த நாய் அவர் வீட்டு வாசலில் ஆஜராகத் தொடங்கியது. ஒரு மணிக்குப் பழகியது அதைப் போன்ற மற்ற மணிகளுக்கும் அசைந்து கொடுப்பதற்குப் ‘பொதுமைப்படுத்தல்’ என்று பெயராம். பெயர் கிடைத்துவிட்டபடியால் அவருக்குக் குறையொன்றும் இல்லை.

மூன்றாவது அத்தியாயம் ஞாபகசக்தி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமுள்ள சொற்களை உபயோகித்தால் பழைய பரிச்சயம் குறுக்கிடும் என்று கருதி, அர்த்தமே இல்லாத அசைகள் சுமார் 2,300 தயாரித்து, தம்மைத் தாமே சோதித்து, மனிதன் எத்தனை சீக்கிரத்தில் மறக்கிறான் என்பதை 1885இல் உலகத்துக்கு வெளியிட்டார். நண்பரும் பதின்மூன்று அசைகளைக் கற்பித்துக்கொண்டு, ஞாயிறு காலை திருப்பதி ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து, கண்ணை மூடி, “ழுக், ஞெப், டோம், ஙீல்” என்று உருப்போட ஆரம்பித்தார். எதிர்ப் பலகையில் திருமலைக்கு முடிகாணிக்கை செலுத்தப் போகும் கிழவி ஒருத்தி இருந்தாள். பாகாலா ஜங்ஷன் வரையில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், அதற்கு மேல் தாங்க முடியாமல் கைகூப்பி, “சாமி, இது என்ன மந்திரங்க? எங்கயும் கேட்டதில்லையே?” என்றாள்.

விஞ்ஞானிக்குரிய நேர்மையோடு, “இதுக்கு அர்த்தமே கிடையாதும்மா” என்றார் நண்பர்.

“அர்த்தத்தையே தாண்டினதா!” என்று கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சந்திரகிரி வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். திருப்பதியில் இறங்கும்போது நண்பர் கையில் நான்கு வாழைப்பழங்கள் இருந்தன. மாலையில் வீடு திரும்பியவர் பதின்மூன்று அசைகளையும் பிசகாமல் ஒப்புவித்தார். ஆனால் அம்மாள் வாங்கிவரச் சொல்லியிருந்தவை திருச்சானூர்க் குங்குமமும், முழங்கால் தைலமும், குழந்தைக்கு ஒரு மரப்பாச்சியும். இவற்றில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. மனிதன் ஒரே சமயத்தில் மனத்தில் நிறுத்தக்கூடிய விஷயங்கள் ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956இல் மில்லர் என்ற அமெரிக்கர் எழுதியிருப்பதை அவர் எடுத்துக்காட்டி, ஏழுமலையான் சந்நிதியில் இதைப் படிக்க நேர்ந்த பொருத்தத்தையும் வியந்தார். “ஏழு வேணாங்க. நான் சொன்னது மூணு” என்றார் அம்மாள்.

இனி என் குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு நாள் என்னிடம் குடை இரவல் வாங்கிப் போனார். பதினைந்து நாள் கழித்து நயமாக ஞாபகப்படுத்தினேன். அப்போது, மனப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃப்ராய்டைப் பற்றிய நான்காவது அத்தியாயத்தைத் திறக்காமலே அதன் சாரத்தை யாரிடமோ கேட்டுவந்திருந்தார் போலும். என்னை ஏற இறங்கப் பார்த்து, “சார், நீங்க கேக்கறது குடையை இல்லை. குடைங்கறது உங்களுக்கு அம்மா முந்தானை. சின்ன வயசுல மழையில நனைஞ்சு அடி வாங்கியிருக்கீங்களா?” என்றார். வாங்கியிருந்தேன். அந்த அதிர்ச்சியில் குடையைக் கேட்க மறந்து வீடு வந்து சேர்ந்தேன்.

ஃப்ராய்ட் விஷயத்தில் அவருக்குத் தனிப்பட்ட உரிமை ஒன்றும் ஏற்பட்டிருந்தது. 1922இல் கல்கத்தாவில் மனப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர போஸ், ஃப்ராய்டோடு கடிதம் எழுதி வாதாடியவர். 1931இல் ஃப்ராய்டின் 75ஆவது பிறந்தநாளை முன்னிட்டு அச்சங்கத்தார் தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு விக்கிரகம் ஒன்றை அனுப்ப, அதை அவர் வியன்னாவில் தம் மேஜைமேல் வைத்துக்கொண்டார். “நாம பெருமாளைப் பார்க்க வரிசையில நிக்கறோம், பெருமாளே அவர் மேஜைக்குப் போயிருக்கார்” என்று சொல்லும்போது நண்பருக்குத் தொண்டை கம்மிவிடும். அது பக்தியா, மனோதத்துவமா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் என் தாத்தாவரை போய்விடுவார்.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, “சோதி செப்புதானம்மா” என்று குறி சொல்பவள் ஒருத்தி வாசலுக்கு வந்து, இந்த வீட்டு எஜமானருக்கு வெளியே கடுமை, உள்ளே வெண்ணெய், இவர் திறமைக்கு ஏற்ற மதிப்பு இதுவரை கிடைக்கவில்லை, மனத்தில் உள்ளதை எல்லோரிடமும் சொல்லாத சுபாவம் என்றெல்லாம் அடுக்க, நண்பர் அவளை மூடநம்பிக்கையின் பிரதிநிதி என்று தெலுங்கிலும் தமிழிலும் கண்டித்துத் துரத்தியிருந்தார். இப்போது வகுப்பில் ஆசிரியை, முந்தின வாரம் மாணவர்கள் எழுதித் தந்த குறிப்புகளைக் கொண்டு தயாரித்ததாகச் சொல்லி, ஒவ்வொருவர் பெயரும் எழுதிய உறையில் அவரவர் குணவிசேஷங்களை வைத்துக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். நண்பர் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார், அறுபது வருஷத்தில் தம்மை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டவர் எவருமில்லை என்று உருகி, ஐந்துக்கு ஐந்து போட்டார். “இப்போது பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ளுங்கள்” என்றார் ஆசிரியை. பக்கத்தில் இருந்தது பத்தொன்பது வயதுப் பெண். அவள் தாளிலும் எழுத்துக்கு எழுத்து அதே வாசகம்.

ஃபோரர் என்ற அமெரிக்க ஆசிரியர் 1948இல் 39 மாணவர்களிடம் நடத்திய சோதனை அது. அவரும் எல்லோருக்கும் ஒரே தாளைத்தான் கொடுத்தார். பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள். மாணவர்கள் போட்ட மதிப்பெண் சராசரி ஐந்துக்கு 4.26.

அன்று மாலை நண்பர் வழக்கத்துக்கு மாறாகத் திண்ணையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். அம்மாள் அந்தத் தாளை வாங்கிப் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“ஏங்க, அன்னைக்கு அந்தக் குறிக்காரி ஒரு முறம் அரிசிக்கு இதையேதானே சொன்னா? இவங்களுக்கு நீங்க எவ்வளவு கட்டினீங்க?”

“பென்ஷன்காரங்களுக்குச் சலுகைன்னு அப்பவே சொன்னேனே. பாதிப் பணந்தான்.”

“காணிப்பாக்கம் பிள்ளையார்கிட்ட வந்து சத்தியம் பண்ணுவீங்களா?”

சித்தூர் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கோர்ட்டில் கூண்டேறிக் கூசாமல் பொய் சொல்லுகிறவனும் காணிப்பாக்கத்து விநாயகர் முன் பிரமாணம் செய்யத் தயங்குவான் என்பது இந்தப் பிரதேசத்தின் நம்பிக்கை, கொடுக்கல் வாங்கல் தகராறுகள் பல அங்கே தீர்ந்திருக்கின்றன. நண்பர் ஆகாயத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, நிறைய வாசிக்க வேண்டியிருக்கிறது என்று உள்ளே போனார். ஒரு கேள்வி, ஒரு மௌனம், அதிலிருந்து ஒரு முடிவு: லைப்ஸிக் சோதனைச்சாலையின் துணையில்லாமல் அம்மாள் செய்து முடித்ததை நான் நேரில் கண்டேன்.

பரீட்சையில் அவர் தேறிவிட்டார். நான்காம் அத்தியாயத்தையும் அதற்கு மேற்பட்டவற்றையும் பரீட்சைக்காகப் படிக்க நேர்ந்ததோ என்னவோ, சில வாரம் அவர் வாயிலும் “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்ற வார்த்தைகள் வந்தன, தெரு நிம்மதியடைந்தது. அது நீடிக்கவில்லை. இந்த வருஷம் சமூகவியலுக்கு மனுப் போட்டுவிட்டார். இனி நமக்குத் தனித்தனியாக அபாயம் இல்லை, மொத்தமாகத்தான்.

போன வாரம் மறுபடியும் குடையைக் கேட்டேன். தனியுடைமை என்ற எண்ணம் மனித சமூகத்தில் எப்போது தோன்றியது என்பதிலிருந்து தொடங்கினார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் குடை வாங்கிக்கொண்டேன்.