லாட்ஜ் வாடகை எதற்கு? மதுரையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே வந்துவிடக்கூடிய லாட்ஜ் தெரு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது உடனுழைத்த பெருமாள் மேஸ்திரியின் பெயர் தாங்கியது. இரவில் அயலூரார் நுழையக் கூடாதென்று எழுப்பிய மதில் போய், நள்ளிரவிலும் "ரூம் வேணுமா சார்?" என்று அழைக்கும் தெரு வந்தது. வரலாறு இப்படித்தான் நடக்கும்.

ஆய்வுச் சிக்கல்: ஓரிரவு தங்குபவர் தரும் வாடகை எதன் பொருட்டு? கட்டிலின் பொருட்டு என்பர் பாமரர். அது பொருந்தாது. குளியலறையின் பொருட்டே என்பது எம் துணிபு. என்னை? காட்டுதும்.

முதற்சான்று: வருகைப் பதிவேடு. பெயர், ஊர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த நோக்கம் என அதில் கட்டங்கள் உள. எங்கே போகிறோம் என்ற வினாவில் ஞானிகளே திணறியிருக்க, நம்மவர் 'சொந்த ஊர்' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு ஆதார் ஜெராக்ஸை நீட்டுகிறார். நோக்கம் என்ற கட்டத்திலோ 'சாமி தரிசனம்', 'கல்யாணம்', 'சொந்த வேலை' ஆகியவையே மீண்டும் மீண்டும் காணக்கிடைக்கின்றன. 2004இல் உயர் நீதிமன்றக் கிளை வந்தபின் 'கோர்ட் கேஸ்' சேர்ந்துகொண்டது. 'தூக்கம்' என்று எழுதினார் எவருமிலர். மேற்கண்ட அனைத்தும் குளித்துவிட்டுப் போகவேண்டிய காரியங்கள் என்பதை ஓர்க.

இரண்டாம் சான்று: ரூம் பாய் வாய்மொழி. பூட்டைத் திறந்து, ஃபேனைப் போட்டு, நேரே குளியலறைக் கதவைத் தள்ளி அவர் ஆற்றும் உரை இது: "ஹீட்டர் போட்டாச்சு சார். இடது பக்கக் குழாயக் கொஞ்ச நேரம் தொறந்து விடுங்க, வந்துரும்." கட்டிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. "தம்பி, இன்னொரு போர்வை கிடைக்குமா?" என்றால் "பாக்குறேன் சார்" என்று மறைபவர், பக்கெட் கேட்டால் மறுநிமிடம் கொண்டுவருகிறார். நிர்வாகத்தின் முன்னுரிமை எதுவென்பது இதனால் பெறப்படும்.

மூன்றாம் சான்று: முகூர்த்த நாள். இரண்டு பேருக்கான அறைக்குள் காலை ஐந்து மணிக்குப் பெரியம்மா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், மாப்பிள்ளையின் நண்பர்கள் என ஒரு வரிசை நிற்கிறது. கட்டிலில் படுத்திருப்பவர் எவருமில்லை. அதன்மேல் பட்டுப்புடவைகளும் பூப்பொட்டலமும் கிடக்கின்றன. உள்ளே போனவரை நோக்கி, "என்ன மாமா, அங்கேயே குடியிருக்கப் போறீங்களா?" என்ற குரல் மட்டும் எழுகிறது.

எதிர்வாதம்: 'நாள் வாடகை 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 2022 ஜூலை 18 முதல் ஜி.எஸ்.டி. வந்தது, அரசே அறைக்குத்தானே வரி போடுகிறது?' என்பாரும் உளர். குளியலுக்குத் தனியே வரி போடலாம் என்று அரசுக்கு இன்னும் தோன்றவில்லை, அவ்வளவே. 'ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் உள்ள ஊரில், துயிலிடம் தருவதன்றோ மரபு?' எனின், துயிலுக்கு இடம் எதற்கு? தமிழர் பஸ் சீட்டில் தூங்குவர். பிளாட்பாரத்தில் பேப்பர் விரித்துத் தூங்குவர். சொற்பொழிவில் நிமிர்ந்து அமர்ந்தே தூங்குவர். தூங்குவதற்குக் கதவு வேண்டியதில்லை. குளிப்பதற்கு வேண்டும்.

'24 மணி நேரச் செக்-அவுட்' முறையும் எம் கட்சியையே வலியுறுத்தும். இரவு பத்துக்கு நுழைந்தவர் விடியுமுன் எழுந்து குளித்து, பூட்டிவிட்டுப் போய்விடுகிறார். நாற்காலி முதுகில் ஈரத்துண்டு தனியே தங்குகிறது. மாலை திரும்பி, இரவுப் பஸ்ஸுக்கு முன் மறுபடி குளிக்கிறார். ஒரு வாடகைக்கு இரு குளியல். இதுவே அம்முறையின் பொருளாதாரம்.

முடிவு நிறுவப்பட்டமையின், பரிந்துரை வருமாறு. குளியலறைக் கதவின் பின்னால் இருப்பது ஒரே கொக்கி. அதில் சட்டை, வேட்டி, துண்டு மூன்றும் தொங்கவேண்டியிருக்கிறது. வேட்டிதான் எப்போதும் வழுக்கி ஈரத்தில் விழுகிறது. ஆகவே லாட்ஜ் உரிமையாளர்களே, மெத்தையை மாற்றாவிட்டாலும் போகிறது. இன்னும் இரண்டு கொக்கி அடியுங்கள்.