படம் இல்லாத பாட்டு

'அன்னக்கிளி' 1976 மே 14-ஆம் தேதி வெளியானது. திருவொற்றியூரில் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் கொட்டகைக்குப் போய்ப் படம் பார்த்தது ரொம்ப நாள் கழித்துத்தான். பாட்டு அதற்குள் வந்து குடியேறிவிட்டது. வரிசை முழுக்கக் குடித்தனங்கள். ரேடியோ வைத்திருந்தது ஒரே ஒரு வீடு. தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்சுக்குப் பணம் கட்டிக் காப்பாற்றிய பெட்டி அது. "யக்கா, அந்தப் பாட்டு வருது, சவுண்டு வையி" என்று அடிபம்புப் பக்கமிருந்து யாராவது கத்துவார்கள். பம்பு அடிக்கிற கை அப்படியே நின்றுவிடும்.

'மச்சானைப் பார்த்தீங்களா'தான் அந்தப் பாட்டு. இளையராஜாவுக்கு முதல் படம். எழுதியவர் பஞ்சு அருணாசலம், பாடியவர் எஸ். ஜானகி. நீலகிரி அடிவாரத்துத் தெங்குமரஹாடாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், ஒரு கிராமத்துப் பெண் தன் ஆளைத் தேடிப் பாடுகிறாள். மலையும் தோப்பும் கலந்த அந்தத் தேடலுக்கு எங்கள் பேட்டையில் என்ன வேலை? இங்கே அப்போது விம்கோவில் தீப்பெட்டி, எம்.ஆர்.எஃப்பில் டயர், என்ஃபீல்டில் புல்லட், எண்ணூர்ப் பக்கம் போனால் அசோக் லேலண்டு லாரி. காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொடியில் காயும் துணியில் வந்து படியும்.

ஆனால் அந்த ஃபாக்டரிகளுக்குள் சங்கு ஊதினதும் நுழைந்தவர்களில் பாதிப் பேர் கிராமத்தை விட்டு வந்தவர்கள். எங்கள் அம்மா மதுராந்தகத்துப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நடவு நட்டவள். கல்யாணமாகி லைன் வீட்டுக்கு வந்தபின் அவள் பாடி அதுவரை நான் கேட்டதே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்த யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள், எப்படிப் பாடுவாள்? ஜானகியின் குரல் வந்ததும் அம்மா கூடவே பாடினாள். தெருவே பாடிக்கொண்டிருந்ததால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் துணிச்சலை அவளுக்குக் கொடுத்தது பாட்டு மட்டுமில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டதும்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

பாதி நாள் அந்தப் பாட்டு கொழும்பிலிருந்து வந்தது. மத்திய அமைச்சர் கேஸ்கர் 1952-இல் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது இலங்கை வானொலிக்குப் போன காதுகள், 1957-இல் விவித் பாரதி வந்தபிறகும் முழுசாகத் திரும்பவில்லை. அவசர நிலைக் காலத்தில் நம் நிலையத்துச் செய்தியில் சுரத்தே இருக்காது. கொழும்பைத் திருப்பினால் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசுவார், அப்துல் ஹமீது நிதானமாகப் பேசுவார். அவர்களுக்கு முந்திய அறிவிப்பாளர் மயில்வாகனத்தைப் பற்றி அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' எங்களுக்கு வந்ததும் அந்த வழியில்தான். மாமியிடம் அவள் மகளைக் கேட்கிற கிராமத்துக் காதல் பாட்டு. துள்ளிசை என்று அறிவிப்பார்கள். எந்தப் படத்திலும் இல்லை. கதாநாயகன் இல்லை, போஸ்டர் இல்லை. ஒரு பாட்டு தன் காலிலேயே நின்று கடலைத் தாண்டி வர முடியும் என்று எனக்குக் காட்டியது அதுதான்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. தெங்குமரஹாடாவின் காதலும் யாழ்ப்பாணத்தின் காதலும் அந்தப் பெட்டிக்குள் நுழைந்தன. எங்களுக்குப் பக்கத்து ராயபுரத்தின் காதல் நுழையவில்லை. அங்கே காசிமேட்டில் சாவு வீடுகளில் விடிய விடிய கானா பாடுவார்கள். செத்தவரைப் பற்றி ஆரம்பித்து, நள்ளிரவு தாண்டினால் காதலுக்கு வந்துவிடும்: ஏமாற்றிப் போனவள், காத்திருந்து வேறொருவனைக் கட்டிக்கொண்டவள், கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் நிற்பவள். டோலக் கிடைக்காத இரவில் குடம்தான் தாளம்; சில சமயம் விம்கோ தீப்பெட்டியே தாளம். எந்த நாட்டுப்புறப் பாட்டுக்கும் குறையாத பாட்டு அது. அதைப் பாடியவர்கள் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் வலை இழுத்தவர்களும் என்பதால், அது கிராமியமும் இல்லை, நாகரிகமும் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். அறிவிப்பாளரின் வாயில் ராயபுரத்துக் கானா என்ற சொல் வந்து எங்கள் தெருவில் நாங்கள் கேட்டதில்லை. வீட்டுப் பெரியவர்களும் "அதெல்லாம் கேக்காத" என்றுதான் சொன்னார்கள்.

கதவு மெல்லத்தான் திறந்தது. தொண்ணூறுகளில் தேவா கானாவைச் சினிமாவுக்குள் இழுத்து வந்தார். 2006-இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் மீன்களுக்குக் கல்யாணம் செய்து வைத்த பாட்டு எஃப்.எம்மில் ஓயாமல் ஓடியது. 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா பாடினார். 2018-இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியது. அதில் பாடிய இசைவாணி ராயபுரத்துப் பெண். ஆண்களே பாடிவந்த கானாவை அவர் பாடினார். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. எங்கள் அம்மா சுவருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட அதே கடற்கரையில் இது நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இன்று தண்டையார்பேட்டைப் பையன்கள் சின்ன அறையில் மைக் வைத்துக் காதல் கானா பதிவு செய்கிறார்கள். தேதி, நேரம் போட்டு போஸ்டர் விட்டு, யூடியூபில் சிங்கிளாக வெளியிடுகிறார்கள். எந்த நிலையத்தின் அனுமதியும் வேண்டாம். இது வரவேண்டிய நியாயம், தாமதமாக வந்திருக்கிறது. ஆனால் பாட்டுக்கு வழி கிடைத்த காலத்தில் தெருவுக்குக் காது போய்விட்டது. தெருவே கேட்ட காலத்தில் பெட்டிக்குள் எங்கள் பாட்டு இல்லை. எங்கள் பாட்டு வந்தபோது ஆளாளுக்குக் காதில் ஒரு குமிழ். பக்கத்து வீட்டுப் பையன் பாடிய பாட்டை லட்சம் பேர் கேட்டிருப்பார்கள், எதிர்வீட்டு ஆயாவுக்குத் தெரியாது.

போன மாதம் எண்ணூர் நெடுஞ்சாலையில், காமராஜர் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்ற ஒரு மாலையில், டீக்கடை பெஞ்சில் பீகார்ப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, "ஊர்ப் பாட்டுண்ணா" என்று என்னிடம் நீட்டினான். போஜ்புரி. ஊரில் இருக்கும் மனைவி, பிழைக்கப் போனவன் எப்போது வருவான் என்று கேட்கிறாளாம். பிகாரி தாக்கூர் நூறு வருஷத்துக்கு முந்தியே 'பிதேசியா' என்று நாடகமாகப் போட்ட அதே துயரம். இங்கே தொழிற்சாலைக் கூரைகளுக்குக் கீழே இன்று மிகுதியாகக் கேட்கப்படும் கிராமத்துக் காதல் பாட்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும். நமக்குத்தான் கேட்பதில்லை.

டீ மாஸ்டரிடம் சொன்னேன். அவர் பையனின் போனை வாங்கிக் கடை ஸ்பீக்கரில் இணைத்தார். பாட்டு ரோட்டுக்கு வந்தது. லாரியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பால் வாங்க வந்த பெண்மணி இடுப்புக் குழந்தையைத் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டே கேட்டார்: "இது எந்தப் படம்பா?"

"படம் இல்லக்கா," என்றான் பையன். "பாட்டு மட்டும்தான்."