படம் பிடித்து வேலை வாங்குதல்

ஆந்திராவின் வடமாலபேட்டை மண்டலம் உட்பட நாடெங்கும் நூறு நாள் வேலைத் தளங்களில், தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக, 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. நாளுக்கு இரண்டு வேளை படம். தொழிலாளர்மேல் நிர்வாகத்துக்கு அவ்வளவு பாசம். நூறு நாள் வேலைச் சட்டம் சொன்ன குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றின் படத்தை அந்தச் செயலி கேட்கவில்லை. கூலி வர 15 நாளைத் தாண்டினால் தாமதத்துக்கு இழப்பீடும் அச்சட்டத்தில் இருந்தது: நாளுக்கு 0.05 சதவீதம். ஆந்திராவின் 2024–25 நாள்கூலியான 300 ரூபாய்க்கு அது 15 பைசா (சில்லறை வைத்திருப்பது நல்லது). பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்பதை 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒப்புக்கொண்டது. அது சொன்ன தீர்வு, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆள் வைத்துச் சரிபார்ப்பது.